மூன்றே முக்கால் கிலோ

மாடியை வாடகைக்கு விடும்போதே ஜோதிமுத்து சொல்லிவிட்டார்:
நாய் என்றால் ஒரு கையில் அடங்குகிற நாய்.
குரைத்தால் அட்வான்ஸில் கழிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடைக்குப் போனேன்.
யானைமலைக்குப் பின்பக்கம் தகரக் கொட்டகை,
தக்காளிப் பெட்டிகளில் குட்டிகள்.
பிரிட்டோ என்றொரு பையன்
புடவைக் கடையில் போல
ஒவ்வொன்றாக எடுத்து விரித்துக் காட்டினான்.

பக் என்றான். மூக்கு உள்ளே போன முகம்.
நம் ஊர் வெயிலில் இது மூச்சு விடுமா?
ஏசி போடுங்கக்கா.
என் வீட்டில் ஃபேனை மூன்றில் வைத்தாலே முனகும்.
ஷிட்ஸு என்றான். தினமும் தலைசீவ வேண்டுமாம்.
என் தலையையே நான் பஸ்ஸில்தான் சீவுகிறேன்.
உள்ளங்கையில் ஒன்றை வைத்து, டீகப்புக்கா, வளராது என்றான்.
ஏன் வளராது என்று கேட்டதும்
செல்போனைப் பார்க்கத் தொடங்கினான்.

தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு பொமரேனியன்.
வெள்ளை என்று சொல்ல முடியாது.
காம்புகள் தொங்கின, கீழ்வரிசையில் நாலு பல் இல்லை.
என்னைப் பார்த்து வாலாட்டவில்லை,
நெரிசல் பஸ்ஸில் போல
நகர்ந்து இடம் விட்டது.

அது குட்டி போட வச்சிருந்ததுக்கா, ஆறு வயசு, இனிமே போடாது.
என்ன விலை?
குட்டிக்குத்தான்க்கா விலை.

வில்லாபுரம் அரிசிக் கடைத் தராசில் மூன்றே முக்கால் கிலோ.
பழக்கதோஷம், கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

அதற்குப் படி ஏறத் தெரியவில்லை.
புல் தெரியவில்லை, மண்ணைத் தொட்ட காலை எடுத்துப் பார்த்தது.
பெயர்கள் யோசித்து வைத்திருந்தேன்,
எதற்கும் திரும்பவில்லை.
சாப்பிட்டியா என்றால் திரும்பியது.
சரி, அதுவே பெயராக இருக்கட்டும்.

டாக்டர் ரஹ்மத்நிஷா சொன்னார்:
கட்டிலிலிருந்து குதிக்க விடாதீங்க, முட்டிச்சில்லு நழுவும்.
வெயில்னு மொட்டை அடிச்சிடாதீங்க, அந்த முடிதான் அதுக்குக் குடை.
வெங்காயம் கூடவே கூடாது.
வெங்காயம் இல்லாமல் மதுரையில் என்ன இருக்கிறது?
அதற்குத் தனியாகக் கோழியும் சோறும் குழைய வேகவைத்துவிட்டு
பரோட்டா சால்னாவை
மாடிப்படியில் நின்று திருட்டுத்தனமாகச் சாப்பிட்டேன்.

காதுக்குப் பின்னால் முடி சடைபிடித்துக் கல்லாக இருந்தது.
பனகல் ரோடு மெடிக்கலில்
மாத்திரை அட்டை நறுக்குகிற கத்தரியைக் கொண்டுவந்து
நாளைக்கு ஒரு சடை.
பதினோரு நாள்.
ஐந்தாம் நாளில்தான் கண்ணை மூடியது.

அக்னி நட்சத்திரத்தில் காலை ஐந்துக்கே கிளம்புவோம்.
சாயங்காலம் என்றால் ஏழு மணிக்கும்
புறங்கையைத் தாரில் வைத்து ஏழு வரை எண்ண வேண்டும்.
எண்ண முடிந்தால் நடை, இல்லையென்றால் மடி.
டீ மாஸ்டர் பொறுக்காமல் கேட்டார்,
என்னம்மா தொலைச்ச, தினம் தேடுற?
சூடு பார்க்கிறேண்ணே.
ஏன், ரோட்டுக்குக் காய்ச்சலா?

அழகர் இறங்கிய இரவில் அதிர்வேட்டு.
சிங்க்குக்குக் கீழே, பினாயில் பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு
உடம்பெல்லாம் நடுங்கியது.
ஊரே ஆற்றில் இருந்தது.
நான் சமையல் கட்டுத் தரையில்,
ஒரு கை மட்டும் உள்ளே.

ஐந்து மாதம் ஒரு சத்தம் இல்லை.
நல்ல நாய்ம்மா, வாயே இல்லை
என்றார் ஜோதிமுத்து, மருமகளைப் புகழ்வது மாதிரி.
அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடி பிறந்து ஒரு ராத்திரி, ரெண்டு மணி இருக்கும்.
தண்ணி லாரி பின்பக்கமாகத் தெருவுக்குள் வந்தது.
கிரில் கம்பிக்கு இடையில் மூக்கை விட்டு,
துருப்பிடித்த அடிபம்பு முதல் தடவை இழுக்கிற மாதிரி
ஒன்று.
யார் அது என்று தானே திரும்பிப் பார்த்தது.
பிறகு ரெண்டாவது. பிறகு நிறுத்தவே இல்லை.

கீழே லைட் எரிந்தது.
நான் என் லைட்டை அணைத்துவிட்டு
இருட்டில் பக்கத்தில் போய் நின்றேன்.
சாப்பிட்டியா, என்றேன் மெதுவாக.
திரும்பவில்லை.
வேலையாக இருந்தது.